எடையற்ற நிலையில் ஏன் குமட்டுகிறது? விண்வெளி நோயும் உட்செவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் விமானத்தைத் தலைகீழாக ஓட்டிப் பழகியவர்கள்கூட விண்வெளிக்குப் போன முதல் நாளில் வாந்திப் பையைத் தேடுகிறார்கள். இதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் காது எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற பதில்களெல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

விண்வெளி நோய் என்பது என்ன?

எடையற்ற நிலைக்குப் போன சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தொடங்கும் தலைபாரம், சோர்வு, பசியின்மை, குமட்டல், வாந்தி ஆகியவற்றுக்குச் சேர்த்து வைத்த பெயர். விண்வெளி வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு அளவில் வருகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

பஸ்ஸிலோ கப்பலிலோ வரும் குமட்டலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தரையில் முதலில் முகம் வெளுக்கும், வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும், வாந்தி வரப்போகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். விண்வெளியில் பலருக்கு இந்த முன்னறிவிப்பு இருப்பதில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று வாந்தி எடுப்பார், அப்புறம் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பார்.

அங்கே ஈர்ப்பு விசை இல்லாததுதானே காரணம்?

ஈர்ப்பு விசை அங்கேயும் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகமாக இருப்பதால் விழுந்து முடிப்பதே இல்லை, அவ்வளவுதான். எல்லாமே ஒன்றாக விழும்போது ஒன்றை இன்னொன்று அழுத்தாது. பாதத்தைத் தரை அழுத்தாது, முதுகை நாற்காலி அழுத்தாது. காதுக்குள் இருக்கும் கற்களும் எதையும் அழுத்தாது. சிக்கல் தொடங்குவது அந்தக் கடைசி இடத்தில்.

காதுக்குள் கற்களா?

ஆமாம், நம் எல்லோருக்கும் உண்டு. உட்செவியில் கேட்பதற்கு ஒரு பகுதி, சமநிலைக்கு ஒரு பகுதி. சமநிலைப் பகுதியில் ஒவ்வொரு காதிலும் ஐந்து உணரிகள் இருக்கின்றன.

முதல் மூன்றும் அரைவட்டக் குழாய்கள். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக, மூன்று தளங்களில் வளைந்திருக்கும். உள்ளே திரவம். தண்ணீர் நிறைந்த டம்ளரைச் சட்டெனத் திருப்பினால் டம்ளர் திரும்பிவிடும், தண்ணீர் ஒரு கணம் பின்தங்கும். தலையைத் திருப்பும்போது குழாய்க்குள் நடப்பதும் அதுதான். பின்தங்கும் திரவம் குழாயின் குறுக்கே இருக்கும் ஜெல்லி போன்ற தடுப்பைத் தள்ள, அதற்குள் புதைந்திருக்கும் நுண்மயிர்கள் வளையும், நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகும். ஆக, தலை சுழல்வதைச் சொல்வது இந்தக் குழாய்களின் வேலை.

மிச்சம் இரண்டும் சிறு பைகள். அவற்றில்தான் கற்கள். பையின் தளத்தில் நுண்மயிர்கள், அவற்றின் மேல் ஒரு ஜெல்லிப் படலம், படலத்தின் மேல் ஆயிரக்கணக்கான கால்சியம் கார்பனேட் படிகங்கள். சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். ஒவ்வொரு படிகமும் சில மைக்ரான் அளவு, வெறும் கண்ணுக்குத் தூசு. ஆனால் சுற்றியுள்ள திரவத்தைவிட அடர்த்தி அதிகம். தலையைச் சாய்த்தால் எடை காரணமாகக் கற்கள் சரியும், மயிர்கள் வளையும், "தலை சாய்ந்திருக்கிறது" என்று மூளை புரிந்துகொள்ளும். வண்டி சட்டென முன்னே பாய்ந்தாலும் கற்கள் பின்தங்கி அதே மயிர்களை வளைக்கும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். தலையைப் பின்னால் சாய்ப்பதும் நேராக முன்னே பாய்வதும் இந்தக் கற்களைப் பொறுத்தவரை ஒரே சேதி. எது எது என்று பிரித்தறிய மூளை கண்ணையும் அரைவட்டக் குழாய்களையும் கழுத்துத் தசைகளையும் கேட்டுக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியிருப்பதால் அப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

எடையற்ற நிலையில் இவற்றுக்கு என்ன ஆகிறது?

எதுவும் பழுதாவதில்லை. அரைவட்டக் குழாய்கள் வழக்கம்போல வேலை செய்கின்றன. சுழற்சிக்கு எடை தேவையில்லை. கற்கள் மட்டும் பாதி வேலையை விட்டுவிடுகின்றன. முன்னே பின்னே நகர்ந்தால் சொல்லும், தலையைச் சாய்த்தால் சொல்லாது.

ஒரு விண்வெளி வீரர் பக்கத்தில் இருக்கும் பெட்டியைப் பார்க்கத் தலையைக் குனிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தலை குனிந்தது" என்கிறது குழாய். கண்ணும் அதையே சொல்கிறது. கற்களிடமிருந்து மட்டும் பேச்சே இல்லை. பூமியில் இப்படி நடக்கவே நடக்காது. ஒவ்வொரு அசைவுக்கும் மூளை ஒரு எதிர்பார்ப்பை வைத்திருக்கிறது. வந்த சேதி அதோடு பொருந்தாவிட்டால் குழப்பம். உணர்வு முரண்பாட்டுக் கோட்பாடு என்று சொல்வது இதைத்தான். மற்ற விளக்கங்களும் உண்டு. கால்களிலிருந்த ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறுவதால் உட்செவியின் அழுத்தம் மாறுகிறது என்பது ஒன்று. இரண்டு காதுகளிலும் உள்ள கற்களின் எடை கொஞ்சம் வேறுபடலாம், பூமியில் மூளை சரிக்கட்டிக்கொண்ட அந்த வித்தியாசம் அங்கே வெளிப்பட்டுவிடுகிறது என்பது இன்னொன்று. எனக்கு முரண்பாட்டுக் கோட்பாடுதான் ஏற்புடையதாகத் தெரிகிறது. தலையை அசைக்காமல் வைத்திருந்தால் குமட்டல் குறைகிறது என்பதை அது நேராக விளக்கிவிடுகிறது.

சரி, குழப்பம் மூளைக்கு. வயிறு ஏன் வாந்தி எடுக்க வேண்டும்?

நல்ல கேள்வி, முடிவான பதில் இல்லாத கேள்வியும்கூட. 1977-இல் டிரீஸ்மன் என்ற உளவியலாளர் சொன்ன யோசனை பலருக்கும் பிடித்தது. இயற்கையில் கண்ணும் காதும் முரண்படுவது அரிது. அப்படி முரண்பட்டால் பெரும்பாலும் நச்சுப்பொருள் எதையோ தின்று நரம்பு மண்டலம் தடுமாறுகிறது என்று அர்த்தம். அப்போது வயிற்றைக் காலி செய்வதுதான் புத்திசாலித்தனம். மூளை அந்தப் பழைய விதியைப் பஸ்ஸிலும் விண்கலத்திலும் பின்பற்றுகிறதாம். இதற்கு ஆதரவாக ஒரு சோதனை உண்டு. உட்செவியின் சமநிலைப் பகுதியை நீக்கிய நாய்கள் சில நச்சுகளுக்கு வாந்தி எடுப்பதும் குறைந்துவிட்டது.

முதலில் யாருக்கு வந்தது?

சோவியத் வீரர் கெர்மன் தித்தோவுக்கு. 1961 ஆகஸ்ட் 6-ஆம் தேதி வோஸ்தாக் 2-இல் புறப்பட்டு, ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகப் பூமியைச் சுற்றினார். வயது 25. எடையற்ற நிலை தொடங்கியதும் தான் தலைகீழாகத் தொங்குவதாக உணர்ந்தார். அப்புறம் குமட்டல், வாந்தி. தலையை அசைத்தால் அதிகமானது, தூங்கி எழுந்ததும் குறைந்தது. அதற்கு முன் ககாரின் போனது 108 நிமிடப் பயணம்தான், இருக்கையில் கட்டப்பட்டே இருந்தார்.

அமெரிக்காவின் மெர்க்குரி, ஜெமினி பயணங்களில் ஏன் யாரும் சொல்லவில்லை?

இடமில்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் கலங்களில் இருக்கையை விட்டு எழுந்து மிதக்க வழியே கிடையாது. அப்பல்லோ கலத்தில் எழுந்து உலாவ இடம் கிடைத்தது, நோயும் கிடைத்தது. 1968 டிசம்பரில் சந்திரனுக்குப் போன அப்பல்லோ 8-இல் தளபதி ஃபிராங்க் போர்மன் வாந்தி எடுத்தார். முதலில் தூக்க மாத்திரையைச் சந்தேகப்பட்டார்கள், காய்ச்சலாக இருக்குமோ என்றும் பயந்தார்கள்.

அடுத்து 1969 மார்ச்சில் அப்பல்லோ 9. ரஸ்டி ஷ்வைகர்ட் விண்நடைக்கு முன் வாந்தி எடுத்ததால் அந்த விண்நடையையே சுருக்க வேண்டியதாயிற்று. குமட்டலுக்குப் பயந்து முதல் நாட்களில் அவர் அசையாமலே இருந்திருக்கிறார். அதனாலேயே பழகுவது தள்ளிப்போயிற்று என்று பிற்பாடு அவரே சொன்னார். ஊர் திரும்பியதும் இந்த நோயை ஆராய்கிறவர்களுக்குத் தன் உடலையே சோதனைக்குக் கொடுத்தார்.

வீரர்கள் இதை மறைத்தார்களாமே?

ஒரு தடவை மாட்டிக்கொண்டார்கள். 1973 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன மூன்றாவது குழுவில் பில் போக் முதல் நாளே வாந்தி எடுத்தார். அந்தப் பயணத்தில் சாப்பிடுவது, வெளியேற்றுவது எல்லாவற்றையும் மருத்துவ ஆய்வுக்காக அளந்து வைக்க வேண்டும். தளபதி ஜெரால்ட் கார் மற்றவர்களோடு பேசி, வாந்திப் பையைக் குப்பையோடு தள்ளிவிட்டுத் தரைக்குச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்தார். அந்தப் பேச்சு நிலையத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகி, வழக்கம்போலத் தரைக்கு வந்து சேர்ந்தது. வீரர்களின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆலன் ஷெப்பர்ட் எல்லோர் காதிலும் விழும்படி வானொலியில் கண்டித்தார். கார் தவறை ஒப்புக்கொண்டார்.

மறைத்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. விமானிகள் உலகில் வாந்தி என்பது பலவீனம், அடுத்த பயணத்துக்கான பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம். இந்தக் கூச்சத்தால் எத்தனை தகவல் ஆராய்ச்சிக்குக் கிடைக்காமல் போயிருக்கும் என்று நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

உட்செவி வேலை செய்யாதவர்களுக்கு இந்த நோய் வராதா?

வராது. இதைக் கண்டறிய உதவியவர்கள் காது கேளாத பதினோரு பேர். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா ஆய்வகம், காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து இவர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல், கேட்கும் திறனோடு உட்செவியின் சமநிலை உணர்வையும் கொண்டுபோய்விட்டிருந்தது.

நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்று இடைவிடாமல் சுழன்ற, 20 அடி அகல அறையில் இவர்களில் நால்வர் பன்னிரண்டு நாள் குடியிருந்தார்கள். சாதாரண ஆள் அதற்குள் சில நிமிடம் தலையை ஆட்டினாலே போதும், படுத்துவிடுவார். இன்னொரு சோதனையில் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரம் கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றினார்கள். இவர்கள் சாவகாசமாகச் சீட்டு விளையாடினார்கள். ஆராய வந்தவர்களுக்கோ வாந்தி தாங்க முடியாமல் சோதனையையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. விண்வெளிப் பயணத்தின் வரலாற்றில் இவர்கள் பெயர் வெகுகாலம் பேசப்படாமலே இருந்தது.

எனக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி. விண்வெளியில் நிச்சயம் வருமா?

சொல்ல முடியாது. பூமியில் யாருக்குக் குமட்டும் என்பதை வைத்து விண்வெளியில் யாருக்குக் குமட்டும் என்று கணிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோற்றுவிட்டன. சுழல் நாற்காலியில் அசையாமல் தாக்குப்பிடித்தவர் மேலே போய்ச் சுருண்டு படுத்ததும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு.

அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் நல்ல எடுத்துக்காட்டு. பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் போனபோது படாதபாடு பட்டார். அதற்குப் பிறகு வீரர்கள் தங்களுக்குள் குமட்டலை "கார்ன்" என்ற அலகால் அளந்து கிண்டல் செய்தார்கள். ஒரு கார்ன் என்றால் உச்சகட்டம். அவர் விண்வெளி நோய் ஆராய்ச்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தே போனார் என்பது கிண்டலில் மறந்துபோயிற்று.

ஒரே ஒரு குறிப்பு ஓரளவு உதவும். முதல் பயணத்தில் வந்தவருக்கு அடுத்த பயணத்திலும் வரக்கூடும், பெரும்பாலும் கொஞ்சம் லேசாக.

இரண்டு மூன்று நாளில் எப்படிச் சரியாகிறது? காது மாறுகிறதா?

பெரும்பாலும் மூளைதான் தன் வாசிப்பை மாற்றிக்கொள்கிறது. கற்களிடமிருந்து வரும் சேதியில் "சாய்வு" என்ற அர்த்தத்தை அடித்துவிட்டு, "நேர்க்கோட்டு நகர்வு" என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறது.

இந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதை ஸ்கைலேபில் பார்த்தார்கள். அங்கே ஒரு சுழல் நாற்காலி வைத்திருந்தார்கள். சுழலும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு தலையை நாலாபக்கமும் சாய்க்க வேண்டும். பூமியில் குமட்டலைக் கொண்டுவந்த அதே சோதனை, சுற்றுப்பாதையில் ஒரு வாரம் பழகிய பிறகு வீரர்களை ஒன்றும் செய்யவில்லை.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமே?

போடுகிறார்கள். ஆனால் அங்கே வாய்வழி மருந்துக்கு ஒரு சங்கடம். இந்த நோயில் குடல் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் வழக்கமான குடல் இரைச்சலே அடங்கியிருக்கும். விழுங்கிய மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், இல்லையென்றால் வாந்தியோடு வந்துவிடும். அதனால்தான் 1989 முதல் புரோமெத்தசின் மருந்தைத் தசையில் ஊசியாகப் போடும் வழக்கம் அமெரிக்க விண்கலங்களில் வந்தது. பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்டது. பூமியில் தூக்கத்தில் தள்ளும் இந்த மருந்து மேலே அவ்வளவாகத் தூக்கம் தரவில்லை என்பது வீரர்களே சொன்ன ஆச்சரியம்.

மருந்து தவிர வேறு என்ன செய்கிறார்கள்?

தலையை மெதுவாகத் திருப்புவது, முடிந்தால் தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்புவது. ஒரு பக்கத்தைத் "தரை" என்று மனதில் வைத்துக்கொண்டு முதல் நாட்களில் அதையே பிடித்துக்கொள்வது. பாதங்களை வளையங்களில் மாட்டிக்கொண்டால் பலருக்கு நிம்மதி, பாதத்தில் அழுத்தம் பட்டாலே மூளைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. விண்வெளி நிலையத்தின் விளக்குகளையும் எழுத்துப் பலகைகளையும் ஒரே "மேல்பக்கத்தை" காட்டும்படி அமைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். எதிரே சக வீரர் தலைகீழாக மிதந்து வந்தால் பார்க்காமல் இருப்பது நல்லது. அந்த ஒரு காட்சியே சிலருக்குப் போதும்.

அதற்காக ஷ்வைகர்ட் போல அசையாமலே கிடப்பதும் உதவாது. கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தால்தான் மூளைக்குப் பாடம் கிடைக்கும்.

விண்நடையின்போது வாந்தி வந்தால்?

உயிருக்கே ஆபத்து. தலைக்கவசத்துக்குள் வாந்தி கீழே விழாது, முகத்தைச் சுற்றி மிதக்கும், மூச்சோடு உள்ளே போகலாம், காற்றோட்டத்தை அடைக்கலாம். கையை உள்ளே விட்டுத் துடைக்கவும் முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் விண்வெளி ஓடப் (ஸ்பேஸ் ஷட்டில்) பயணங்களில் முதல் இரண்டு மூன்று நாளுக்குத் திட்டமிட்ட விண்நடை எதையும் வைக்கவில்லை.

பூமியிலேயே ஒத்திகை பார்க்க முடியாதா?

விமானத்தை வளைவுப் பாதையில் ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு வளைவிலும் 20 முதல் 25 நொடி எடையின்மை கிடைக்கும். ஆனால் மேலேறும்போதும் மீளும்போதும் உடல் எடை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். இப்படி முப்பது நாற்பது தடவை. நாசாவின் அந்த விமானத்துக்கு "வாந்தி வால்நட்சத்திரம்" என்று வீரர்கள் பெயர் வைத்ததில் வியப்பில்லை. வேலைகளைப் பழக அது நல்ல இடம். நாள் கணக்கில் நடக்கும் மூளையின் தழுவலை அந்த அரை நிமிடத்தில் எதிர்பார்க்க முடியாது.

உட்செவியைப் பற்றி விண்வெளியில் புதிதாக ஏதாவது தெரியவந்ததா?

எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. காதுக்குள் வெந்நீரோ குளிர்ந்த நீரோ விட்டால் கண்மணிகள் தாமாக இழுத்து இழுத்து அசையும். வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி இதற்குச் சொன்ன விளக்கம்: சூடான திரவம் லேசாகி மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்த ஓட்டம் அரைவட்டக் குழாயைத் தூண்டும். இந்த ஆய்வுகளுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சேதி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

மேலே எழுவதற்கும் கீழே இறங்குவதற்கும் எடை வேண்டும். அப்படியானால் எடையற்ற நிலையில் இந்தக் கண்ணசைவு வரக்கூடாது. 1983-இல் கொலம்பியா விண்கலத்தில் போன ஸ்பேஸ்லேப் 1 ஆய்வகத்தில், காதுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் செலுத்திப் பார்த்தார்கள். கண் அசைந்தது. பாரனியின் விளக்கம் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அது முழு விளக்கம் இல்லை. வெப்பத்தால் திரவம் விரிவதும் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதும் பங்கு வகிக்கலாம் என்கிறார்கள்.

விலங்குகளுக்கும் இப்படி ஆகிறதா?

1970 நவம்பரில் இரண்டு காளைத் தவளைகளைச் சமநிலை நரம்பில் மின்முனை பொருத்திச் சுற்றுப்பாதைக்கு அனுப்பினார்கள். முதல் நாட்களில் தாறுமாறாக இருந்த நரம்புச் சேதி, அப்புறம் பழைய நிலைக்கு வந்தது. 1991 ஜூனில் ஏறத்தாழ 2,500 குட்டி ஜெல்லி மீன்கள் போயின. அவற்றுக்கும் சமநிலைக் கற்கள் உண்டு, கால்சியம் சல்பேட்டால் ஆனவை. மேலே அவை பல்கிப் பெருகின. அங்கேயே பிறந்தவற்றைப் பூமிக்குக் கொண்டுவந்தபோது அவற்றில் பல சரியாக நீந்தத் திணறின.

திரும்பி வந்த பிறகு?

கதை திருப்பிப் போடப்படுகிறது. எடையின்மைக்குப் பழகிய மூளைக்கு இப்போது சாய்வு மறுபடி பேசத் தொடங்குகிறது. காலணி நாடாவைக் கட்டக் குனிந்தால் முன்பக்கம் குப்புற உருளுவது போல இருக்கும். நடக்கும்போது மூலையில் திரும்பினால் கால் அகலமாகப் போகும். கண்ணை மூடினால் நிற்பதே சிரமம். ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குச் சமநிலை பெருமளவு திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். கடலில் இறங்கும் கலங்களில் வருகிறவர்கள் பாவம், இந்த நிலையிலேயே அலையிலும் ஆட வேண்டும்.

நிலையத்தையே சுழல வைத்தால் பிரச்சினை தீருமே?

எடை கிடைக்கும், ஆனால் வேறு குமட்டல் வரும். சுழலும் இடத்தில் தலையைத் திருப்பினால், நடக்காத ஒரு சுழற்சியை அரைவட்டக் குழாய்கள் சொல்லும். சிறிய கலம் என்றால் வேகமாகச் சுழல வேண்டும், வேகம் கூடினால் தொல்லையும் கூடும். மெதுவான சுழற்சி போதும் என்றால் கலம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும்.

பணம் கட்டிச் சில நிமிட விண்வெளிப் பயணம் போகிறவர்களுக்கும் வருமா?

அந்தப் பயணங்களில் எடையின்மை மூன்று நான்கு நிமிடம்தான். நோய் வெளிப்படுவதற்குள் முடிந்துவிடும் என்பதால் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். சுற்றுப்பாதையில் நாள் கணக்கில் தங்கப் போகிறவர்கள் முதல் இரண்டு நாளுக்குப் பெரிய திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.